தி விட்லம்ஸ்: ஒரு சிட்னி பாப்-ராக் குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலிய இசை என்றதும் ஏசி/டிசி, ஐஎன்எக்ஸ்எஸ், கைலி மினோக் என்று மூன்று பெயர் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். அந்த நாட்டுக்காரர்களிடம் 90-களின் பாட்டு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், நமக்குக் கொஞ்சமும் பழக்கமில்லாத இந்தப் பெயர் வந்து விழும். இவர்களைப் பற்றி நான் பேச ஆரம்பித்தாலே நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தி விட்லம்ஸ் யார்?

1992-ல் சிட்னியின் நியூடவுன் பகுதியில் தொடங்கிய பாப்-ராக் குழு. பியானோவை நடுவில் வைத்துப் பாட்டுக் கட்டுகிறவர்கள். தொடங்கியவர்கள் மூன்று பேர்: பியானோ வாசித்துப் பாடும் டிம் ஃப்ரீட்மன், கிட்டார் வாசித்துப் பாடும் ஸ்டீவி பிளண்டர், டபுள் பேஸ் வாசிக்கும் ஆண்டி லூயிஸ். இன்று அந்த மூவரில் உயிரோடு இருப்பவர் ஃப்ரீட்மன் ஒருவர்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இவர்கள் கதையில் எந்த மூலையைத் தொட்டாலும் இங்கேதான் வந்து நிற்கும்.

பெயர் எங்கிருந்து வந்தது?

ஆஸ்திரேலியாவின் முன்னாள் பிரதமர் கோஃப் விட்லமிடமிருந்து. 23 ஆண்டுகள் எதிர்க்கட்சியாகவே உட்கார்ந்திருந்த லேபர் கட்சியை 1972 டிசம்பரில் ஆட்சிக்குக் கொண்டுவந்தவர் அவர். வந்த வேகத்தில் கட்டாய ராணுவச் சேவையை நிறுத்தினார், பல்கலைக்கழகக் கட்டணத்தை எடுத்தார், அரசு மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கினார். வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற பழைய கொள்கையின் மிச்சசொச்சத்தையும் 1973-ல் துடைத்தார். இன்று சிட்னியின் வென்ட்வொர்த்வில், டூங்காபி பக்கம் தமிழ்க் கடைகள் வரிசையாக இருப்பதற்கு அந்த மாற்றமும் ஒரு காரணம்.

மூன்றாவது ஆண்டில் செனட் பட்ஜெட்டை நிறுத்தி வைத்தது. 1975 நவம்பர் 11 அன்று கவர்னர் ஜெனரல் சர் ஜான் கெர் அவரைப் பதவியிலிருந்தே நீக்கிவிட்டார். மக்கள் தேர்ந்தெடுத்த பிரதமரை அரசியின் பிரதிநிதி வீட்டுக்கு அனுப்பியது அந்த நாட்டில் அதற்கு முன் நடக்காத விஷயம். பாதிப் பேருக்கு அது அநியாயம், மீதிப் பேருக்கு நிம்மதி. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அப்படி ஒரு மனிதரின் குடும்பப் பெயரைப் பன்மையாக்கி வைத்துக்கொண்டார்கள். நம் ஊரில் ஒரு குழு ஒரு முன்னாள் முதல்வரின் பெயரை இப்படி வைத்துக்கொண்டால் அடுத்த நாள் மேடை இருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். அங்கே அந்தத் தலைவரே சிரித்துக்கொண்டு இவர்களுக்கு விருது கொடுக்க வந்தார். அது பின்னால் வருகிறது.

கோஃப்பா, காவ்வா?

கோஃப். ஆங்கில எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். முதல் ஆல்பத்தில் 'கோஃப்' என்ற தலைப்பில் ஒரு பாட்டும் உண்டு.

மூவரும் எப்படிச் சேர்ந்தார்கள்?

1992 ஜனவரியில் சிட்னியில் 'பிக் டே அவுட்' என்ற இசைவிழா முதல் முறையாக நடந்தது. 'நிர்வாணா' என்ற அமெரிக்க ராக் குழு பாடிய விழா. வேறு வேறு குழுக்களில் இருந்த ஃப்ரீட்மனும் பிளண்டரும் அங்கேதான் சந்தித்தார்கள். பிளண்டர் என்பது இயற்பெயர் இல்லை. கான்பெராவிலிருந்து வந்த 'தி பிளண்டரர்ஸ்' என்ற தன் குழுவின் பெயரையே தனக்கும் ஒட்டிக்கொண்டவர்.

உலகம் முழுக்க இளைஞர்கள் கிழிந்த ஜீன்ஸும் காதைப் பிளக்கும் கிட்டாருமாக அலைந்த ஆண்டு அது. இவர்களோ டிரம்ஸ்கூட இல்லாமல் பியானோ, சாதாரண கிட்டார், ஆளுயர டபுள் பேஸ் என்று இறங்கினார்கள். பிறகுதான் டிரம்மர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த நாளில் இவர்களோடு வாசித்த லூயிஸ் பர்டெட் என்ற டிரம்மர் பெயரிலேயே பின்னால் ஒரு பாட்டு வந்தது. இப்படி நாகரிகத்துக்கு எதிர்த்திசையில் நின்றதால்தான் அந்தப் பாட்டுகள் இன்று பழசாகத் தெரியவில்லை என்று எனக்குத் தோன்றும்.

சாண்டோ, சாண்டோ என்கிறார்களே, அது என்ன?

நியூடவுனின் கிங் ஸ்ட்ரீட்டில் இருந்த சாண்ட்ரிங்ஹாம் ஹோட்டலின் செல்லப்பெயர். ஆஸ்திரேலியாவில் 'ஹோட்டல்' என்றால் பெரும்பாலும் பப்தான். இட்லி, தோசை எதிர்பார்த்துப் போய்விடாதீர்கள்.

நியூடவுன் சிட்னி பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற பகுதி. ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய வரிசை வீடுகள். 90-களில் வாடகை குறைவு, அதனால் மாணவர்கள், ஓவியர்கள், சம்பளம் இல்லாத இசைக்காரர்கள் என எல்லோரும் அங்கே குவிந்திருந்தார்கள். விட்லம்ஸ் சாண்டோவில் வாரா வாரம் வாசித்தார்கள். சின்ன இடம், கையெட்டும் தூரத்தில் கூட்டம். ஒரு பாட்டு நன்றாக இல்லையென்றால் முதல் வரிசை முகத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த வாரம் திருத்திக்கொண்டு வரலாம். எந்த ஸ்டுடியோவிலும் கிடைக்காத பள்ளிக்கூடம் அது. 'காட் ட்ரிங்க்ஸ் அட் த சாண்டோ' என்று பின்னால் ஒரு பாட்டே எழுதினார்கள். சாண்டோவில் கடவுளே குடிக்க வருவாராம்.

'இண்டிபென்டன்ட்' குழு என்றால் என்ன? எல்லாக் குழுவும் சுதந்திரமானதுதானே?

பலரும் இதை இசைவகை என்று நினைக்கிறார்கள். அது முதலில் காசுக்கணக்கு.

பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டால் அவர்கள் முன்பணம் தருவார்கள். அதில் ஸ்டுடியோ வாடகை, வீடியோ, விளம்பரம் எல்லாம் நடக்கும். அந்தப் பணம் அன்பளிப்பு இல்லை, விற்கிற ஒவ்வொரு இசைத்தட்டிலும் குழுவின் பங்கிலிருந்து கழிந்துகொண்டே இருக்கும். மூலப் பதிவு, அதாவது மாஸ்டர், கம்பெனி கையில். நம் திரைப்பாட்டு உலகத்தில் ஆடியோ உரிமை யாருக்கு என்று நடக்கும் வழக்குகளைப் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இண்டி, அதாவது இண்டிபென்டன்ட் குழு, தன் கையிலிருந்தோ கடன் வாங்கியோ பதிவு செய்கிறது. மாஸ்டர் அவர்களுடையது. கடைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் ஒரு விநியோகஸ்தரை வைத்துக்கொள்கிறார்கள். ஃப்ரீட்மன் 'பிளாக் யாக்' என்று சொந்த லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வைத்தார். 'ஃபேன்டம்' என்ற சிட்னி இண்டி நிறுவனம் மூலம் தட்டுகள் கடைக்குப் போயின. 1993-ல் 'இன்ட்ரொடியூசிங் த விட்லம்ஸ்', 1995-ல் 'அன்டினையபிளி த விட்லம்ஸ்' என்று முதல் இரண்டு ஆல்பங்களும் இந்தச் சின்ன வட்டத்துக்குள்தான் வந்தன. இரண்டாவதில் 'ஐ மேக் ஹாம்பர்கர்ஸ்' என்று ஒரு குறும்புப் பாட்டு கொஞ்சம் பேர் வாங்கியது.

சரி, இதில் வலி எங்கே? தோற்றால் நட்டம் முழுக்க உங்கள் தலையில். அப்புறம் தூரம். சிட்னியிலிருந்து மெல்பர்ன் சுமார் 880 கிலோமீட்டர். பெர்த் போகவேண்டும் என்றால் 4,000-ஐ நெருங்கும். நடுவில் பெரும்பாலும் வெறும் வெளி. வேனில் பியானோவையும் டபுள் பேஸையும் ஏற்றிக்கொண்டு அந்தத் தூரம் போய் 60 பேர் முன்னால் வாசித்துவிட்டு வந்தால் பெட்ரோல் காசுகூடத் தேறாது.

1996-ல் என்ன நடந்தது?

ஆண்டி லூயிஸ் அதற்கு முன்பே விலகி, 'தி கேட்ஃப்ளைஸ்' என்ற வேறு குழுவுக்குப் போயிருந்தார். 1996 ஜனவரி 26, ஆஸ்திரேலியா தினத்தன்று, சிட்னிக்கு மேற்கே புளூ மவுண்டன்ஸ் மலையில் வென்ட்வொர்த் அருவியின் அடிவாரத்தில் ஸ்டீவி பிளண்டரின் உடல் கிடைத்தது. வயது 32.

குழுவின் இரண்டு குரல்களில் ஒன்று போய்விட்டது. அதை ஈடுகட்ட ஆள் போட முடியாது. ஃப்ரீட்மன் குழுவைக் கலைத்துவிடலாமா என்றுதான் இருந்தார். பிறகு இன்னும் ஒரு ஆல்பம் செய்வது என்று முடிவெடுத்தார். இண்டியாக இருந்ததன் உண்மையான பயனை நான் இந்த இடத்தில்தான் பார்க்கிறேன். 'ஒப்பந்தப்படி ஆறு மாதத்தில் அடுத்த தட்டு கொடு' என்று விரட்டவோ, 'பாதிக் குழுவை வைத்து என்ன செய்வது' என்று கைகழுவவோ மேலே யாரும் இல்லை. எழவு விழுந்த வீட்டில் எப்போது அடுப்பு மூட்டுவது என்பதை அந்த வீட்டுக்காரரே முடிவு செய்ய முடிந்தது.

அந்த ஆல்பம்தான் 'எடர்னல் நைட்கேப்'பா?

ஆம். 1997-ல் வந்தது. நைட்கேப் என்றால் படுக்கப் போகும் முன் போடுகிற கடைசிப் பெக். எடர்னல் என்று முன்னால் சேர்த்தால் முடியவே முடியாத கடைசிப் பெக். தலைப்பிலேயே நகைச்சுவையும் துக்கமும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன.

ஆல்பம் முழுக்க இரவு, நகரம், குடி, போய்விட்ட நண்பர்கள். 'சார்லி' என்ற ஒருவனை நோக்கிப் பாடும் பாட்டுகள் இதில் வருகின்றன. குடியில் கரைந்துகொண்டிருக்கும் நண்பனைத் தோளைத் தொட்டு எழுப்பப் பார்ப்பது போன்ற பாட்டுகள். அதட்டல் இருக்கிறது, கோபம் இருக்கிறது, உபதேசம் மட்டும் இல்லை. 'மெல்பர்ன்' என்று ஒரு காதல் பாட்டு. பாப் டிலனின் 'டாங்கிள்ட் அப் இன் புளூ'வும் இவர்கள் பாணியில் உண்டு. டிலன் பாட்டை எடுத்துப் பாடுகிறவர்களில் பாதிப் பேர் டிலனாகவே மாறப் பார்ப்பார்கள். ஃப்ரீட்மன் அந்தத் தப்பைச் செய்யவில்லை.

ஆஸ்திரேலியாவில் 70,000 பிரதி போனால் பிளாட்டினம். பப்பில் வளர்ந்த ஓர் இண்டி குழுவின் மூன்றாவது ஆல்பம் அந்தக் கோட்டைத் தாண்டியது.

'நோ அஃப்ரோடிசியாக்' அப்படி என்ன பாட்டு?

மெதுவான பியானோ பாட்டு. அஃப்ரோடிசியாக் என்றால் காம ஆசையைத் தூண்டும் பொருள். வேறு ஊரில் இருக்கும் காதலிக்கு ஒருவன் கேசட்டில் பேசி அனுப்புகிற கடிதமாகத் தொடங்குகிறது. தனிமையைப் போல ஆசையைக் கிளறுவது வேறொன்றும் இல்லை என்பதுதான் சாரம். கடைசிப் பகுதியில் திடீரென்று பாட்டு திசை மாறி, பத்திரிகைகளில் துணை தேடி வரும் வரி விளம்பரங்களின் தொனியில் குரல்கள் வரத் தொடங்கும். ஒருவனின் தனிமை என்று கேட்டுக்கொண்டிருந்தது ஊர் முழுக்க ஜன்னலுக்கு ஜன்னல் இருக்கிற தனிமையாக ஆகிவிடும். முதல் முறை கேட்டபோது ரேடியோவில் வேறு நிலையம் குறுக்கே வந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

ஃப்ரீட்மனோடு சேர்ந்து இதை எழுதியவர்கள் கிளென் டோர்மண்ட், மாட் ஃபோர்ட். 'மெஷின் கன் ஃபெலேஷியோ' என்ற இன்னொரு சிட்னிக் குழுவின் ஆட்கள். அந்தக் குழுவின் பெயரை மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்காதீர்கள்.

இண்டி பாட்டு எப்படி நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது?

ட்ரிபிள் ஜே என்ற வானொலி வழியாக. அரசு ஒலிபரப்பு நிறுவனமான ஏபிசியின் இளைஞர் நிலையம். விளம்பரம் கிடையாது, அதனால் விற்காத பாட்டைப் போட்டால் யாருக்கும் நட்டம் இல்லை. 80-களின் இறுதி வரை சிட்னியில் மட்டும் கேட்டது, பிறகு மற்ற தலைநகரங்களுக்கும், 90-களின் நடுவில் சிறு ஊர்களுக்கும் போனது. வேனில் போய்ச் சேர முடியாத ஊர்களுக்கெல்லாம் பாட்டு முதலில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஆண்டுதோறும் நேயர்கள் ஓட்டுப் போட்டு 'ஹாட்டஸ்ட் 100' என்று நூறு பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள். 1997-ஆம் ஆண்டுக்கான பட்டியலில் 'நோ அஃப்ரோடிசியாக்' முதலிடம். அறிவித்தது 1998 ஜனவரியில். ஸ்டீவி போய் இரண்டு ஆண்டு.

இதில் ஒரு வேடிக்கை. இந்த வானொலி 1975 ஜனவரியில் 'டபுள் ஜே' என்ற பெயரில் சிட்னியில் பிறந்தது. அப்போது நடந்தது யாருடைய ஆட்சி? கோஃப் விட்லமுடையது. அவர் ஆட்சியில் பிறந்த வானொலி, 23 ஆண்டு கழித்து அவர் பெயர் வைத்த குழுவைத் தூக்கி நிறுத்தியது.

விட்லம் விருது கொடுத்த கதை?

1998 ஏரியா விருதுகளில் சிறந்த பாடல், சிறந்த குழு, சிறந்த இண்டி வெளியீடு என்று மூன்று கிடைத்தன. ஆஸ்திரேலிய இசைத் துறையின் பெரிய விருது அதுதான். அந்த மேடையில் கோஃப் விட்லமே வந்து இவர்களுக்கு விருது கொடுத்தார். எண்பதைத் தாண்டிய, ஆறடிக்கு மேல் உயரமான முன்னாள் பிரதமர் ராக் குழுவின் கையில் கோப்பையைத் திணிக்கும் காட்சி அந்த நாட்டு இசை ரசிகர்கள் மறக்காத ஒன்று. 2014 அக்டோபரில் 98 வயதில் அவர் காலமானார்.

பிறகு வார்னர் கம்பெனியோடு சேர்ந்தார்களே, அப்புறம் எப்படி இண்டி?

நியாயமான கேள்வி. 1999-ல் 'லவ் திஸ் சிட்டி' வார்னர் வழியாகத்தான் வந்தது. ஆனால் பிளாக் யாக் பெயர் போகவில்லை. முதலில் உழுது விளைச்சலைக் காட்டிவிட்டுப் பிறகு மண்டிக்காரரிடம் பேச உட்காருவதற்கும், விதைநெல்லுக்கே அவரிடம் கை நீட்டுவதற்கும் வித்தியாசம் உண்டு. கட்சி மாறிவிட்டார்கள் என்று முணுமுணுத்த பழைய ரசிகர்கள் இருக்கத்தான் செய்தார்கள். எனக்கு அந்தக் குறையில்லை. என் குறை வேறு: 'லவ் திஸ் சிட்டி'யில் தயாரிப்பு ஆடம்பரம் கொஞ்சம் கூடிவிட்டது. முந்தைய ஆல்பத்தின் நள்ளிரவு நெருக்கம் இதில் சில பாட்டுகளில்தான் இருக்கிறது.

'லவ் திஸ் சிட்டி' சிட்னியைப் புகழ்கிற ஆல்பமா?

தலைப்பை நம்பிப் போகாதீர்கள். 2000 ஒலிம்பிக்ஸுக்காக நகரம் தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. தலைப்புப் பாட்டு சர்க்கரை தடவிய குத்தல்.

'ப்ளோ அப் த போக்கீஸ்' பற்றி ஏன் எல்லோரும் குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள்?

போக்கீஸ் என்றால் போக்கர் மெஷின்கள். காசு போட்டு, பொத்தானை அழுத்தி, படங்கள் சுற்றி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிற சூதாட்டப் பெட்டிகள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1956-லிருந்து கிளப்புகளில் இவை சட்டப்படி இருந்தன. 1997-ல் பப்புகளுக்குள்ளும் விட்டார்கள். இன்று அந்த ஒரு மாநிலத்தில் மட்டும் 80,000-க்கு மேல் இருக்கின்றன.

பப் முதலாளியின் கணக்கை யோசித்துப் பாருங்கள். மூலையில் ஒரு குழுவை நிறுத்தினால் சம்பளம் கொடுக்க வேண்டும், ஒலிபெருக்கி வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் கொடுப்பார். அதே மூலையில் பத்துப் பெட்டி வைத்தால் அவை சாப்பாடுகூடக் கேட்காமல் இரவெல்லாம் சம்பாதித்துக் கொடுக்கும். சிட்னியில் எத்தனையோ மேடைகள் இப்படித்தான் போயின. சாண்டோவும் 90-களின் இறுதியில் மாற்றிக் கட்டப்பட்டது, பழைய மேடை போய்விட்டது. 'போக்கீஸை வெடிவைத்துத் தகர்' என்ற தலைப்பைப் பார்த்ததும் இசைக்காரர் ஒருவர் தன் பிழைப்புக்காகக் கத்துகிறார் என்றுதான் தோன்றும்.

பாட்டு அதைவிட நெருக்கமான இடத்திலிருந்து வந்தது. ஆண்டி லூயிஸுக்கு அந்தப் பெட்டிகள் மேல் மீள முடியாத பழக்கம் இருந்தது. சம்பளத்தை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாமல் அந்த ஒளியின் முன்னால் உட்கார்ந்துவிடுகிற ஒரு தகப்பனைப் பற்றிய பாட்டு இது. ஃப்ரீட்மனும் கிரெட்டா கெர்ட்லரும் சேர்ந்து எழுதினார்கள்.

இங்கே ஒரு தப்பைத் திருத்த வேண்டும். லூயிஸ் இறந்த பிறகு எழுதிய இரங்கல் பாட்டு என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். இல்லை. ஆல்பம் வந்தது 1999-ல். அப்போது அவர் இருந்தார். நண்பன் உயிரோடு இருக்கும்போதே, அவனைக் காப்பாற்றிவிட முடியும் என்ற நம்பிக்கையில் எழுதிய பாட்டு அது. 2000 பிப்ரவரியில் லூயிஸ் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். பாட்டு தனி சிங்கிளாக வந்தது அதற்குப் பிறகு. அந்த இடைவெளி தெரிந்த பிறகு கேட்டால் கோரஸின் உற்சாகம் வேறு மாதிரி கேட்கும்.

அரசாங்கங்கள் பாட்டைக் கேட்டுத் திருந்தவில்லை. ஆனால் போக்கீஸ் விவாதம் செய்தியில் வரும்போதெல்லாம் யாராவது இந்தத் தலைப்பைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அப்படியென்றால் இது அரசியல் குழுவா?

மேடையில் கொடி பிடிக்கிற வகை இல்லை. பெரும்பாலான பாட்டு காதலும் குடியும் நண்பர்களும்தான். அரசியல் வந்தால் வீட்டு வாசல் வழியாக வரும்.

பின்னாளில் குழுவில் யார் யார்?

2000-ஐ ஒட்டி ஆட்கள் நிலைத்தார்கள். கிட்டார் ஜாக் ஹவுஸ்டன், பேஸ் வார்விக் ஹார்ன்பி, டிரம்ஸ் டெரபாய் ரிச்மண்ட். மூவரும் முன்பே வேறு குழுக்களில் நல்ல பேர் எடுத்தவர்கள். அதுவரை வாசித்துவிட்டுப் போனவர்களை எண்ண விரல் போதாது. 2002-ல் வந்த 'டார்ச் த மூன்' இந்தக் கூட்டணியின் பலன். இவர்களுக்கு 'த கர்ஸ் ஸ்டாப்ஸ் ஹியர்' என்றும் ஒரு பாட்டு உண்டு. சாபம் இத்தோடு நிற்கட்டும் என்கிறார், மூவரில் மிஞ்சிய ஒருவர்.

ராக் குழு, சிம்பொனி இசைக்குழுவோடு ஏன்?

பாட்டுகள் பியானோவில் பிறந்தவை, வயலின்கள் சேர்ந்தால் உறுத்தாது. சிட்னி சிம்பொனியோடு செய்த கச்சேரி 2008-ல் ஆல்பமாகவும் வந்தது. எல்லா ராக் குழுவும் வயதானதும் இதைச் செய்கிறது, பெரும்பாலும் வெறும் மினுமினுப்புதான். இவர்களுக்கு மட்டும் அது பொருந்தியது.

2006-க்குப் பிறகு காணாமல் போய்விட்டார்களா?

'லிட்டில் கிளவுட்' என்ற இரட்டை ஆல்பம் 2006-ல். அடுத்த புது ஸ்டுடியோ ஆல்பம் 'சாஞ்சோ' 2022 ஜனவரியில். நடுவில் 16 ஆண்டு. ஃப்ரீட்மன் தன் பெயரில் 'ஆஸ்திரேலியன் ஐடில்' என்று ஓர் ஆல்பம் செய்தார், அமெரிக்கப் பாடகர் ஹாரி நில்சனாக மேடையில் நடித்தார், செயின்ட் பீட்டர்ஸ் பகுதியில் ஒரு பப்பை நடத்துவதிலும் இறங்கினார். குழு அவ்வப்போது கூடிக் கச்சேரி செய்துகொண்டிருந்தது.

மாஸ்டர் கையில் இருந்தால் இப்படி 16 ஆண்டு சும்மா இருக்க முடியும் என்பதும் ஒரு கணக்கு. பழைய பாட்டு பிழைப்பைப் பார்த்துக்கொள்ளும், புதுப் பாட்டு வரும்போது வரட்டும்.

'சாஞ்சோ' இவர்களோடு பல ஆண்டு ஊர் ஊராகச் சுற்றிய டூர் மேனேஜரின் செல்லப்பெயர். அவரும் காலமாகிவிட்டார், ஆல்பம் அவர் நினைவுக்கு. கலைப்பொருள் திருட்டில் சொதப்பிய பெர்ட்டி கிட் என்ற நிஜத் திருடனின் கதைப்பாட்டும் இதில் இருக்கிறது, வாய்விட்டுச் சிரிக்கலாம்.

'விட்லம்ஸ் பிளாக் ஸ்டம்ப்' என்றும் ஒரு பெயர் பார்த்தேனே?

அதே ஃப்ரீட்மன், அதே பாட்டுகள், நாட்டுப்புற கன்ட்ரி வேடம். பாஞ்சோ, பெடல் ஸ்டீல் கிட்டார் எல்லாம் சேர்த்து 2024-ல் 'கூக்கபரா' என்ற ஆல்பம் வந்தது. 'பிளாக் ஸ்டம்புக்கு அப்பால்' என்றால் ஆஸ்திரேலியப் பேச்சில் ஊர் உலகமெல்லாம் முடிந்து அதற்கும் அந்தப் பக்கம் என்று பொருள். நகரத்துப் பப்பில் பிறந்த பாட்டை அங்கே கொண்டுபோகிறார்கள்.

வெளிநாட்டில் ஏன் பேர் எடுக்கவில்லை?

இரண்டு காரணம் தோன்றுகிறது. ஒன்று, அமெரிக்காவில் ஆறு மாதம் சுற்ற இண்டி குழுவிடம் பணம் இருக்காது. இரண்டாவது, பாட்டுக்குள் ஊர் அதிகம். நியூடவுன் தெரு, கோஃப், போக்கீஸ், சாண்டோ என்று ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்பு வேண்டும். இந்தப் பக்கம் இவ்வளவு நீண்டதே அதற்கு அத்தாட்சி. ஆனால் மதுரையை விட்டு வெளியே வராத கதைகள் நமக்குப் பிடிப்பதில்லையா, அந்த மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

இண்டியாக வென்றவர்கள் இவர்கள் மட்டும்தானா?

இல்லை. மேற்கு ஆஸ்திரேலியாவில் ஜான் பட்லர் ட்ரையோவும் தி வேஃப்ஸும் 'ஜாரா ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த லேபிளில் இதைவிடப் பெரிதாகச் செய்தார்கள். 2004-ல் பட்லரின் 'சன்ரைஸ் ஓவர் சீ' நாட்டின் முதலிடத்துக்கே போனது. ஆனால் அது கேட்க ஆள் தயாராக இருந்த காலம். 1997-ல் விட்லம்ஸ் அந்தக் கதவைத் தட்டியபோது கொண்டி கொஞ்சம் இறுக்கம்.

எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம்?

'எடர்னல் நைட்கேப்', முதல் பாட்டிலிருந்து வரிசையாக. இரவு பத்து மணிக்கு மேல். அப்புறம் 'ப்ளோ அப் த போக்கீஸ்'. இரண்டும் பிடித்தால் பின்னால் போய் ஸ்டீவி பிளண்டர் பாடுகிற முதல் இரண்டு ஆல்பங்கள். பதிவு கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் இரண்டு பேர் மாறி மாறிப் பாடுவது அங்கேதான் கிடைக்கும். 2008-ல் வந்த 'ட்ரூத், பியூட்டி அண்ட் எ பிக்சர் ஆஃப் யூ' தொகுப்பு அவசரக்காரர்களுக்கு.

சிட்னி போனால் சாண்டோவைப் பார்க்கலாமா?

கட்டடத்தைப் பார்க்கலாம். நடுவில் சில ஆண்டுகள் மறுபடி கச்சேரி நடந்தது, 2012-ல் கடன் தொல்லையில் சிக்கியது. பிறகு 'நியூடவுன் சோஷியல் கிளப்' என்ற பெயரில் இன்னொரு இசைமேடை வந்தது, அதுவும் 2017-ல் போனது. அடுத்து அங்கே வந்தது குடித்துக்கொண்டே மினி கோல்ஃப் ஆடுகிற இடம். பியானோவும் டபுள் பேஸும் ஏறி இறங்கிய வாசலில் பிறந்தநாள் கொண்டாட வந்தவர்கள் கோல்ஃப் மட்டையோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.